மூன்று துண்டு வெளிச்சம்

தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஷேடக்கா, அவ்வளவுதான். சம்பளச் சீட்டில் வேறு பேர் இருக்கிறது. ஆனால் அது கணக்குப் பிரிவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் போல அங்கேயே கிடக்கிறது. சாயம் ஏறி வரும் துணியின் ஷேடு, அதாவது நிறம், வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டின் நிறத்தோடு சேர்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் இருபத்தாறு வருஷமாக அவள் வேலை.

அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. பெரிய துணி அலமாரியின் முன்கதவைக் கழற்றிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே முழுக்கச் சாம்பல் பூச்சு, மேலே விளக்குகள். ஒரு சுவிட்சைத் தட்டினால் பகல் வெளிச்சம், அடுத்ததைத் தட்டினால் கடை வெளிச்சம், இன்னொன்றுக்கு வீட்டு வெளிச்சம். துணியையும் மாதிரியையும் ஒட்டி வைத்து ஐந்து விநாடி பார்க்க வேண்டும். அதற்கு மேல் பார்த்தால் கண் சமாதானமாகப் போய்விடும், சேராததையும் சேர்ந்ததாகக் காட்டும். ஐந்து விநாடி ஆனதும் சாம்பல் சுவரைப் பார்த்துக் கண்ணைக் காலி செய்துகொண்டு அடுத்த விளக்குக்குப் போக வேண்டும். அவள் போட்டிருக்கும் கோட்டும் சாம்பல்தான். கலர் உடுத்திக்கொண்டு நின்றால் அந்தக் கலர் துணி மேல் அடிக்கும்.

பார்த்து முடித்ததும் அவள் வாயிலிருந்து வருவது இரண்டில் ஒன்று. "சேருது." இல்லையென்றால், "சேரல."

சாய மாஸ்டர் கெஞ்சாத நாள் கிடையாது. "ஒரு சொட்டுதான் ஷேடு கூட விழுந்திருக்கு. கண்ண மூடிக்கிட்டு விட்டுடேன்."

"கண்ண மூடிக்கிட்டுப் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

"உன் வீட்டுக்காரர் எப்படித்தான் உன்கிட்ட குப்ப கொட்டறாரோ!"

இந்தக் கடைசி வரியை மாஸ்டர் எட்டு மாதமாகச் சொல்வதில்லை. சொல்லப் போய், பாதியில் நிறுத்தி, எதிரே இருக்கும் துணி மூட்டையைத் தேவையில்லாமல் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, யாரோடும் போகவுமில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். இவள் ஷிப்டு மாறி மாறிப் போகிறவள் என்பதால் கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து அடுப்படி அவருடையது. நல்ல கை. அக்கம்பக்கத்தில் விசேஷம் என்றால் அவரைக் கேட்டுத்தான் உப்பே வாங்குவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இவள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது கேட்டார்.

"எப்படி இருந்தது?"

"சரியா இருந்தது."

அவர் தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டார். போட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "இருபத்தாறு வருஷமா கேக்கறேன். சரியா இருக்கு, சரியா இருக்கு. ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?"

அவளுக்குப் புரியவில்லை. சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு நாளில் நாற்பது துணி வந்தால் முப்பதைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். சரி என்று அவள் சொல்லிவிட்டால் மாஸ்டர் டீ வாங்கித் தருவார். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் இல்லை. நான்கு பாத்திரமும், கத்தியும், கனமான வெட்டும் பலகையும் இல்லை. அவருடைய நண்பர் ஒருவர் வேறு ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக மகளுக்குத்தான் போன் வந்தது. இவளுக்கு வரவில்லை. இவளும் பண்ணவில்லை.

சாவு வீடு என்றால் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், யாராவது சாப்பாடு கொண்டு வருவார்கள், அழவில்லையென்றால் அழ வைத்துவிட்டுத்தான் போவார்கள். இதற்கு யாரும் வரவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கதவைத் திறப்பது என்று இவளுக்கும் தெரியாது. அடுத்த நாள் முதல் ஷிப்டுக்குப் போனாள். துணிகளைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சொன்னது எதுவும் தப்பாகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மழையில் அடுப்படிச் சுவர் ஊறி, பழைய மர அலமாரி மொத்தமும் உப்பிப்போனபோதுதான் மகள் விஷயத்தைக் கையில் எடுத்தாள். மகள் மருந்துக் கடை ஒன்றில் மேலாளர். எதையும் தேதி போட்டுச் செய்கிறவள்.

"அடுப்படிய முழுசா மாத்திடலாம். மாத்திட்டு வீட்ட வாடகைக்கு விட்டுடு. நீ எங்க வீட்டு மாடிக்கு வந்துடு."

"ம்."

"ம் என்னம்மா ம்? சரிங்கறியா, இல்லங்கறியா?"

"பாக்கலாம்."

"நீ பாத்துக்கிட்டே இருப்ப. அங்க ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. இங்க தனியா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு, அங்க வந்து பேரன் மூஞ்சியப் பாரு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதைச் சரி என்று எடுத்துக்கொள்ள மகளுக்கு உரிமை இருந்தது. மூன்று வாரத்தில் ஆசாரி வந்து, அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மேல் அலமாரிகள் மாட்டினார். கீழே பளபளவென்று கறுப்புக் கல் மேடை. அலமாரிக்கும் மேடைக்கும் நடுவில் சுவர் இன்னும் வெறும் சிமென்டாக இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலை வருவார். அன்று மாலையே வீடு பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. அதற்கு முன், சனிக்கிழமை, எலக்ட்ரீஷியன் வந்து மேல் அலமாரிக்கு அடியில் விளக்குக்கு வயர் இழுத்தாக வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் உடைக்கத்தான் வேண்டும்.

"லைட் மட்டும் நீ பாத்து வாங்கிடு," என்றாள் மகள். "உலகத்துக்கே வெளிச்சம் பாத்துச் சொல்றவ நீ. இதாவது உன் இஷ்டத்துக்கு இருக்கட்டும்."

மகள் அதை அன்பாகத்தான் சொன்னாள். கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்: "வாடகைக்கு வர்றவங்களுக்குப் பிடிக்கற மாதிரி."

விளக்குக் கடையில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலை மேல் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே பேசினார். அலமாரிக்கு அடியில் போடுகிற விளக்கு என்றதும் உற்சாகமாகிவிட்டார். உருண்டையாகக் குழியில் பதிக்கிற விளக்கு, குட்டைக் குழல் விளக்கு, ரிப்பன் மாதிரி ஒட்டுகிற பட்டை விளக்கு என்று எடுத்துப் போட்டார். ஒரு பட்டைக்கு சுவிட்சே கிடையாது. கையை அடியில் ஆட்டினால் எரியும்.

"கைல மாவு ஒட்டியிருந்தாலும் பரவால்லக்கா. இப்படி ஒரு டாட்டா காட்டுங்க, எரியும். இன்னொரு டாட்டா, அணைஞ்சிடும்."

"காய் வெட்டும்போது கை ஆடுமே?"

அவர் யோசித்தார். "ஆமா. அது… கொஞ்சம் எரிஞ்சு எரிஞ்சு அணையும்."

"அது வேணாம்."

பட்டையைக் கறுப்புக் கல்லுக்கு மேல் பிடித்துக் காட்டச் சொன்னாள். கல்லில் விளக்கின் புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எறும்பு வரிசை போல. "பால் கலர் மூடி போட்ட அலுமினியச் சட்டம் இருக்குமே, அதுக்குள்ள வச்சு ஏத்துங்க," என்றாள். ஏற்றியதும் எறும்புகள் கலைந்து வெளிச்சம் ஒரே கோடாக நின்றது. கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு கைப்பையிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை எடுத்தாள். இரண்டும் மண் நிறம். வேறு வேறு சாயத்தில் முக்கி எடுத்தவை. பகலில் பார்த்தால் ஒரே துணியில் வெட்டியது போல இருக்கும். மோசமான விளக்கில் ஒன்று சிவந்து நிற்கும், இன்னொன்று பச்சையடிக்கும். ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் வைத்துப் பார்த்தாள். ஐந்து விநாடி. பிறகு முகத்தைத் திருப்பி, கடையின் இரும்பு ஷட்டரைப் பார்த்தாள். மறுபடி ஐந்து விநாடி. ஷட்டர்தான் அங்கே சாம்பல்.

"என்னக்கா, ஷட்டர்ல எதுவும் குறையா?"

"இல்ல. இந்தப் பெட்டில இருக்கறது சேரல. அட்டைல போட்டிருக்கற மாதிரி இது இல்ல. எடுத்து வச்சிடுங்க."

அவர் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு துணிகளைக் குனிந்து பார்த்தார். "அட! ஒண்ணு சிவந்து போச்சே! இத்தன நாளா நல்ல சரக்குன்னு வித்துக்கிட்டு இருக்கேன்."

அரை மணி நேரத்தில் ஒன்பது வகையைக் கழித்தாள். மூன்று மிஞ்சின. ஒரே கம்பெனிப் பட்டையில் மூன்று நிறம். பளிச்சென்ற கூல் ஒயிட், மஞ்சளடிக்கும் வார்ம் ஒயிட், நடுவில் நேச்சுரல் ஒயிட். மூன்றிலும் துணிகள் சேர்ந்தன.

"அவ்வளவுதான். இனிமே ஒண்ணும் இல்ல," என்றார் கடைக்காரர் மகிழ்ச்சியாக. "எது பிடிச்சிருக்கு, சொல்லுங்க, வெட்டித் தரேன்."

அவள் மூன்றையும் பார்த்தாள். ஷட்டரைப் பார்த்தாள்.

"மூணும் சரியாத்தான் இருக்கு."

"அது சரி. உங்களுக்கு எது பிடிக்குது?"

அந்தக் கேள்விக்கு எங்கே போய்ப் பதில் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் இப்படி யாரும் கேட்டதில்லை. கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை வரும், மாதிரியும் அதே கிளிப்பச்சையாக இருந்தால் போகலாம். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு நீலம் வரும், மாதிரி வேறு என்றால் திரும்பிப் போகும். மாதிரி என்று ஒன்று இல்லாமல் எதையும் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. மனசுக்குள் தேடிப் பார்த்தாள். ஆள் இல்லாத வீட்டில் காலிங் பெல் அடித்தது மாதிரி இருந்தது.

"வீட்ல ஒரு தடவ கேட்டுக்கிட்டு வரீங்களா?" என்றார் அவர் தணிந்த குரலில். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்விதான்.

"வீட்ல யாரும் இல்ல," என்றாள்.

அவர் என்ன நினைத்தாரோ, மூன்று நிறத்திலும் ஒவ்வொரு முழம் வெட்டி, வயர் வைத்து, பால் கலர் மூடிச் சட்டத்தையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "வீட்ல ஒட்டிப் பாருங்க. எது வேணுமோ அத வாங்கிக்கங்க, மத்தத திருப்பிக் குடுங்க. அந்தத் துணி ரெண்டும் எனக்குக் கிடைக்குமா?"

அவளிடம் அந்த வகையில் நிறைய இருந்தது. கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மாஸ்டரிடம் கேட்டாள். அவளாக அவரிடம் ஒன்றைக் கேட்பது அபூர்வம் என்பதால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அடுப்படிக்கு எந்த வெளிச்சம் நல்லது? வெள்ளையா, மஞ்சளா, நடுவா?"

"யாருக்கு? உனக்கா, வாடகைக்கு வர்றவங்களுக்கா?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள்.

"வாடகைக்குன்னா எதையாவது மாட்டு. எரிஞ்சா போதும். உனக்குன்னா என்னை ஏன் கேக்கற?" மாஸ்டர் போகப் போனவர் திரும்பினார். "அது என்ன, முழங்கைல கறுப்பு?"

பார்த்தாள். வலது முழங்கையில் தோல் காய்ப்புக் காய்த்து, ஓரத்தில் பழைய காயம் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது.

"தெரியல."

"உன் கையி, உனக்கே தெரியலையா?" என்றார் மாஸ்டர். சிரிப்பதற்காகத்தான் ஆரம்பித்தார், ஆனால் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து, சொன்ன நேரத்துக்கே வந்தவர் போல வந்தார். முப்பத்தைந்து வயசு, வாய் ஓயாத ஆள். ஏணியை விரித்தபடியே வீட்டில் உள்ள பிளக் பாயின்டுகளையெல்லாம் குறை சொல்லி முடித்துவிட்டார். மூன்று துண்டுகளையும் டேப் போட்டு வலப்பக்க அலமாரியின் அடியில் ஒட்டி, மூன்றுக்கும் வயர் முறுக்கிக் கொடுத்தார்.

"அம்மா, இந்த லைட் உங்க புதுச் சட்டத்துக்குள்ள முன்ஓரமா வருது. பின்னாடி வச்சா சுவருக்குத்தான் வெளிச்சம். சுவரா காய் வெட்டப் போகுது? ஒரு பக்க அலமாரிக்குத்தான் இப்ப வயர் எடுக்க முடியும், இன்னொரு பக்கம் தண்ணிக் குழாய் போகுது, பாத்துப் பண்ணணும். அதனால சொல்லுங்க. நீங்க எங்க நின்னு காய் வெட்டுவீங்க?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். இந்தக் கேள்வியும் கடைக்காரர் கேட்டது மாதிரி ஒன்றுதான். ஆனால் இதற்கு ஒரு பதில் இருந்தது. இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் காய் வெட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அடுப்புக்கு வலது பக்கம், சுவரை ஒட்டி. இந்த எட்டு மாதமும் அவள் அங்கே நின்றுதான் எதையாவது நறுக்கி, எதையாவது வேகவைத்துத் தின்றாள்.

"இங்க," என்று போய் நின்றாள். மண் நிறத் துணி இரண்டைக் கையில் எடுத்தாள்.

"என்னம்மா, துணியையா சமைக்கப் போறீங்க? காய் எடுங்க. வெட்டிப் பாருங்க. நிழல் எங்க விழுதுன்னு நான் பாக்கணும்."

இரண்டு தக்காளியும் ஒரு கைப்பிடி பீன்ஸும் எடுத்தாள். புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் பலகையை வைத்தாள். வெட்டினாள். நாலாவது வெட்டில் முழங்கை சுவரில் இடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் வெட்டினாள். மறுபடி இடித்தது.

"நில்லுங்க, நில்லுங்க. சுவத்தோட என்ன சண்டை உங்களுக்கு?"

"என்ன?"

"வெட்டுக்கு ஒரு தடவ இடிக்கிறீங்கம்மா. வலிக்கல?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மாஸ்டர் காட்டிய இடம். சுவரில் அதே உயரத்தில், வண்ணம் பூசாத சிமென்டில், தோல் உரசிய மினுக்கு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, கணவருக்கு இடது கைப் பழக்கம். இடது கைக்காரர் வலப்பக்கச் சுவரை ஒட்டி நின்றால் கைக்குத் தாராளமாக இடம் இருக்கும். அவர் ஆரம்பித்த இடத்தில் எட்டு மாதமாக அவள் போய் நின்று இடித்துக்கொண்டிருக்கிறாள். ஓர் அடி நகர்ந்து நிற்கலாம் என்று தோன்றவில்லை. வலித்ததாகவும் நினைவில்லை.

"வலது கைக்காரங்க அந்தப் பக்கம் நிக்கணும்மா," என்று எலக்ட்ரீஷியன் பலகையைத் தூக்கி அடுப்புக்கு இடது பக்கம் கொண்டுபோய் வைத்தார். ஒட்டியிருந்த துண்டுகளையும் பிய்த்து, முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பக்க அலமாரியின் அடியில் ஒட்டினார். "இங்கதான் தண்ணிக் குழாய். எனக்குத்தான் கஷ்டம். பரவால்ல, வெட்டுங்க."

வெட்டினாள். கை எதிலும் படவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடிப்படி தெரிந்தது. யாரோ அதில் போர்வை உலர்த்தியிருந்தார்கள். இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், அந்தப் படியை இந்த இடத்திலிருந்து அவள் பார்த்ததில்லை. பார்த்ததால் ஒன்றும் ஆகவுமில்லை. படி படியாக இருந்தது.

"இப்ப லைட்டப் பாருங்க. இது வெள்ளை." ஐந்து விநாடி. "இது மஞ்சள்." ஐந்து விநாடி. "இது நடு." ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் பூசாத சுவரைப் பார்த்தாள். எலக்ட்ரீஷியனும் என்னவோ ஏதோ என்று கூடவே பார்த்தார்.

"சொல்லுங்க."

"மூணும் சரியா இருக்கு."

"மூணும் சரின்னா எத மாட்டறது? சீட்டுக் குலுக்கிப் போடலாமா?"

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். கையில் புதுப் பூட்டு ஒன்று இருந்தது, வாடகைக்கு வருகிறவர்களுக்காக வாங்கியது. நிலைமையை ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலையா? அண்ணே, வெள்ளையே மாட்டிடுங்க. பாக்கறவங்களுக்குப் பளிச்சுனு இருக்கும். நாளைக்கு அஞ்சு மணிக்கு வராங்க."

"சரிம்மா," என்று அவர் டேப்பைப் பிய்க்கப் போனார்.

"வெள்ள வேணாம்," என்றாள் அவள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவளுக்கே அது வேறு யாரோ பேசினது போலத்தான் கேட்டது.

"ஏன், என்ன குறை அதுல?" என்றாள் மகள்.

"குறை இல்ல. எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலையா?"

"எட்டு மணி நேரம் அந்த வெளிச்சத்துலதான் நிக்கறேன். இங்கயும் வேணாம்." சொல்லிவிட்டுத் தக்காளியைப் பார்த்தாள். "மஞ்சளும் வேணாம். காயப் பழம்னு சொல்லுது அது."

"அப்ப நடுவுல இருக்கறது பிடிச்சிருக்கா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். "தெரியல தம்பி. ரெண்டு போச்சுன்னா மிச்சம் அதுதான். அத மாட்டுங்க."

கழிக்கத் தெரிந்தவள் அவள். கழித்துக் கழித்து வந்து சேர்வதற்குப் பெயர் விருப்பம்தானா என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் சொன்ன பிறகு, அதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மகள் பூட்டை மேடை மேல் வைத்தாள். குரல் தாழ்ந்து வந்தது. "அம்மா. உனக்குப் பிடிக்குது பிடிக்கலன்னு பாக்கறதுக்கு, நீயா இங்க இருக்கப் போற?"

எலக்ட்ரீஷியன் ஏணி மேல் ஏறி, தேவையே இல்லாமல் மேல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"ஆமா," என்றாள் அவள். "இருக்கேன்."

"இருக்கேன்னா?"

"மாடிக்கு வரல. இங்கயே இருக்கேன்."

"நாளைக்கு ஆள் வராங்கம்மா! மூணு வாரமா வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, இப்ப ஒரு லைட் வாங்கின கையோட…" மகளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, இத்தனை நாளாக இரண்டு பேரும் சுற்றி வளைத்துப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்தாள். "அப்பா திரும்பி வருவாருன்னு நெனக்கறியா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் சொல்லிப் பார்த்தாள். "அவர் நின்ன எடத்துல நிக்க முடியல. கை இடிக்குது. அந்தப் பக்கம் இருந்தத இந்தப் பக்கம் மாத்தியாச்சு. வயரும் இந்தப் பக்கம்தான் வருது."

"இதெல்லாம் ஒரு காரணமா?"

"தெரியல. இதுதான் தெரியுது."

"அழுதுக்கிட்டாவது சொல்லேம்மா," என்றாள் மகள். நிரம்பியிருந்தது மகளின் கண்தான். "ரேஷன் கார்டுல பேர் மாத்தற மாதிரி சொல்ற."

அவள் மகளுடைய கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கை முழுக்கத் தக்காளிச் சாறு. துடைத்துக்கொண்டு பிடித்தாள். மகளின் விரல்கள் குளிர்ந்திருந்தன. பிடித்துக்கொண்டு நிற்பது தவிர அதில் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள். "பேரனப் பாக்க. சாப்பிட்டுட்டு வந்துடுவேன்."

"ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு அப்புறம் மறுபடி பேசுவோம்."

"பேசலாம்."

"அப்ப ம்னு மட்டும் சொல்லக்கூடாது."

"ம்," என்றாள் அவள். மகள் அழுகையும் எரிச்சலுமாக ஒரு சத்தம் போட்டாள். ஏணி மேலிருந்து, தலை தெரியாத இடத்திலிருந்து, எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். சிரித்ததை இருமலாக்கப் பார்த்தார், நடக்கவில்லை.

"அண்ணே, நீங்க எறங்கி வேலையப் பாருங்க!"

"குழாயத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன். வயர் பக்கத்துல போகலாம், ஒண்ணும் ஆகாது."

மகள் முன்னறைக்குப் போய் வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் போன் போட்டாள். அவளுடைய மருந்துக் கடைக் குரல் அடுப்படி வரை கேட்டது: மன்னிக்கணும், இல்லைங்க, சின்ன மாற்றம், அம்மா இங்கயே இருக்கறதா… ஆமாங்க, இப்பதான் முடிவாச்சு. எதிர்முனையில் இருந்தவர்கள் கோபப்பட்டார்கள் போலிருக்கிறது. மகள் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

எலக்ட்ரீஷியன் வயர் போகச் சுவரில் காடி வெட்டத் தொடங்கினார். சிமென்ட் தூள் மேடை முழுக்கப் பறந்தது. அவள் வெட்டிய காயை ஒரு தட்டு போட்டு மூடிவிட்டு, மீதி இருந்த பீன்ஸை முன்னறைக்கு எடுத்துப் போனாள். மகள் போனைக் காதில் வைத்தபடியே எதிரே ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். அவள் உட்கார்ந்து நார் உரிக்கத் தொடங்கினாள். மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று ஒரு தடவை தனக்குள் பார்த்துக்கொண்டாள். இல்லை. வருத்தமா என்று பார்த்தாள். அதுவும் பிடிபடவில்லை.

மகள் போனை வைத்தாள். "முடிஞ்சது. ராத்திரி என்ன சமைக்கப் போற?"

"பீன்ஸ்."

"உனக்கு வராதேம்மா அது."

"வராது," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "இரு. சாப்பிட்டுட்டு எப்படி இருந்ததுன்னு சொல்லிட்டுப் போ."